எழுபத்தெட்டில் நின்ற முள்

செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

மூணாவது மாடியில் சிறை வைக்கப்பட்ட உன் அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம்னு எழுதினா பொய். நீ சௌக்கியமான்னு கேட்டா அதைவிடப் பெரிய பொய்யை நீ பதிலா எழுதுவே. அதனால ரெண்டு பேரும் அதை விட்டுடலாம்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு நீ கேட்பே. போன்ல நீ சிரிச்சே மழுப்பிடறே. டயாலிசிஸ் முடிஞ்ச நாள்ல உன் குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு, அப்பவும் சிரிப்பு. என்னால அந்தச் சிரிப்பைக் கேட்க முடியல. அதோட இங்கே இருக்கிறதே ஒண்ணரை ரூம். நான் என்ன பேசினாலும் உன் மாமா காதுல விழும். உன் ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய் எதையாவது ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சிடறார்.

போன வாரம் மாவுக்கட்டைப் பிரிச்சாங்க. கணுக்கால் உள்ளே தகடு வச்ச இடம் இன்னும் வீங்கியே இருக்கு. என்னை நாற்காலியோட தூக்கி, கீழே டயர் கடைக்காரரும் அவர் தம்பியும்தான் இறக்கி ஏத்தினாங்க. அவங்க மூச்சு வாங்கினதைப் பார்த்து எனக்கு மானமே போச்சு. பதினாறு வருஷம் பிஸ்கட் கம்பெனியில எந்த ஈரத் தரையில நடந்தேனோ, அதுலயே வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லலாம், ஆனா என் எடைக்கு அந்தப் பழமொழி பொருத்தமா இருக்கிறதுதான் வேதனை. எலும்பு டாக்டர் காலை மட்டும் பார்த்துட்டு, இன்னும் மூணு மாசம் படி ஏறக்கூடாது, இறங்கக்கூடாதுன்னு சொல்லிட்டார்.

உன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா திங்கட்கிழமை தவறாம போன் பண்றாங்க. ரத்தம் பொருந்திடுச்சு, மத்ததெல்லாம் சரி, எடை மட்டும் எழுபத்தஞ்சுக்குக் கீழே வரணும். வந்தாத்தான் உங்க கிட்னியை எடுக்கச் சம்மதிப்பாங்கன்னு மறுபடியும் சொன்னாங்க. இந்தக் காலோட ஒரு ராத்திரி ரயில்ல அலைய வேண்டாம், வீட்டுலேயே எடை பார்த்துச் சொன்னாப் போதும்னாங்க. அடுத்த மாசம் இருபதாம் தேதி ஆபரேஷனுக்கு இடம் குறிச்சு வச்சிருக்காங்களாம். நான் மாவுக்கட்டோட கிடந்து கிடந்து எண்பத்தொண்ணுக்குப் போயிருந்தேன். இப்போ எழுபத்தொன்பது.

வீட்டுல எடை பார்க்க எங்களுக்கு என்ன குறை? உன் மாமா மாதிரி தராசு ரிப்பேர்க்காரரைக் கட்டிக்கிட்டவ வீட்டுல தராசுக்கா பஞ்சம். முன் ரூம்ல சுவரோரமா வட்டமான முகம் வச்ச மேடைத் தராசு ஒண்ணு நிக்குதே, நீ போன தடவை வந்தப்ப அதுல ஏறிக் குதிச்சு மாமாகிட்ட திட்டு வாங்கினியே, அதுதான். திங்கட்கிழமை காலையில வெறும் வயித்தோட ஏறி நிக்கிறேன். மாமா குனிஞ்சு முள்ளைப் பார்த்துச் சொல்றார். அவர் சொன்னா அது சொன்னதுதான். மார்க்கெட்ல ஒரு கிலோவுக்கு இருபது கிராம் மட்டும் திருகி விடுங்கன்னு கெஞ்சின வெங்காயக் கடைக்காரனை, மூஞ்சியில துப்பாத குறையா விரட்டினவர் ஆச்சே.

நீ படம் போட்டு அனுப்பின உடற்பயிற்சித் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கேன். பள்ளிக்கூடத்துல நூறு பிள்ளைகளை விசில் ஊதி ஆட்டி வச்ச டிரில் மாஸ்டர், இப்போ ஒரு கிழவியை ஆட்டி வைக்கிறே. பொம்மைக்கு மட்டும் ஏன்டா அவ்வளவு பெரிய வயிறு வரைஞ்சே? உட்கார்ந்தபடி காலை நீட்டி பத்து எண்ணறது, சுவரைத் தள்ளறது, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து உட்கார்றது, எல்லாம் செய்யறேன். டம்பெல்லுக்கு நான் எங்கே போறது? மாமாவோட ரெண்டு கிலோ எடைக்கல் ரெண்டை எடுத்துக்கிட்டேன். இரும்பு வாசனை கையை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சாப்பாடுதான் வதை. அவிச்ச முட்டைகோஸைப் பார்த்தாலே அழுகை வருது. சனிக்கிழமையானா கம்பெனியிலேருந்து உடைசல் பிஸ்கட் பொட்டலம் வந்துடும். வேலைக்காரங்களுக்கு வாராவாரம் கொடுக்கிற பங்கு, லீவுல இருந்தாலும் உண்டு. கூட வேலை செய்றவ மூணு மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுக்கிறா. வேண்டாம்னா கோவிச்சுக்கிறா. வாங்கி அப்படியே டயர் கடைக்கு அனுப்பிடறேன். அனுப்பறதுக்கு முன்னாடி மோந்து பார்ப்பேன், அது மட்டும் உண்மை.

நீயும் ஒழுங்கா இரு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு லிட்டர்தான். தாகமா இருந்தா ஐஸ் துண்டை வாயில அடக்கிக்கோன்னு நர்ஸம்மா சொன்னாங்க. வாழைப்பழத்தைத் தொடாதே. உன் ரூம்ல கூட இருக்கிற அந்த டிரைவர் நண்பரை நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லு.

மாமா விஷயம் ஒண்ணு. அவர் வாயைத் திறந்து வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லல. ஆனா அவங்க அம்மா சின்ன ஆபரேஷன்தானேன்னு நடந்து போய், துணி மூடித் திரும்பி வந்தவங்க. அதுக்கப்புறம் அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினதில்லை. எனக்குக் கால் உடைஞ்சப்பக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்னார். நீ அவரைத் தப்பா நினைக்காதே.

இன்னும் நாலு கிலோதான். நாலு கிலோ பிஸ்கட்டை நான் ஒரு நிமிஷத்துல அட்டைப்பெட்டியில அடுக்கினவ. பார்த்துடலாம்.

உன் பின்வரிசை மாணவி,
அக்கா


வியாழக்கிழமை

தம்பி,

இருபதாம் தேதி போயிடுச்சு. உனக்குத் தெரியாததா? இருந்தாலும் என் கையால எழுதணும்னு தோணிச்சு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

ஆறு வாரமா முள் எழுபத்தெட்டை விட்டு நகர மாட்டேங்குது. எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு. நர்ஸம்மா முதல்ல பரவாயில்லைன்னாங்க. அப்புறம் ம்ம்னாங்க. கடைசி வாரம், அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்மா, அடுத்தது எப்போன்னு இப்போ சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. போனைக் கீழே வைக்கக்கூடத் தோணாம அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமா தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துட்டு, என் முகத்தைப் பார்க்காம ஒரு பழைய தராசைப் பிரிக்க உட்கார்ந்துட்டார். என்னைவிட அவருக்கு வருத்தம்னு நினைச்சேன்.

எங்கே தப்புன்னு புரியல. உன் தாள்ல இருக்கிறதை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை செய்யறேன். நாற்காலியிலேருந்து எழுந்திருக்கிறது இப்போ முப்பது. நம்ப மாட்டே, முழங்கால்ல டொக் டொக்னு சத்தம் வரும், எண்ணிக்கைக்கு அதுவே விசில். சர்க்கரை இல்லாத டீ. ஒரு கை சோறு, ரெண்டு கை காய். கம்பெனிச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன், தொளதொளன்னு கிடந்தது. துவைச்சுத் துவைச்சு நைஞ்சு தளர்ந்திருக்கும்னு மாமா சொன்னார். அப்படித்தான் இருக்கும். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்ன கதையா, நான் சட்டையைக் காட்டி என்ன பண்றது, முள் சொல்றதுதானே எடை. பாவம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தவறாம அவர் அந்தத் தராசைத் திறந்து துடைச்சு எண்ணெய் போட்டு வைக்கிறார், எனக்காக.

உன்கிட்ட மறைக்கக் கூடாது. இடம் போனதுன்னு தெரிஞ்ச வாரத்துச் சனிக்கிழமை, பொட்டலத்தை டயர் கடைக்கு அனுப்பல. ஜன்னல்கிட்ட உட்கார்ந்து, கீழே பஸ் திரும்பறதைப் பார்த்துக்கிட்டே, முக்கால் கிலோ உடைசலையும் தின்னேன். ருசியே இல்லை. நிறுத்தவும் முடியல. கடைசியில பொட்டலத்தோட அடியில இருந்த தூளை விரலால தொட்டுத் தொட்டு நக்கினேன். அடுத்த நாலு நாள் உன் தாள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. பொம்மை என்னையே பார்க்கிற மாதிரி இருந்ததுன்னு அதுமேல ஒரு துணியைத் தொங்க விட்டேன். சிரிக்காதே.

வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு நாள்னு ஒண்ணு கிடையாது தம்பி. காலையில எதுக்காக எழுந்திருக்கணும்னு ஒரு கேள்வி வந்து படுக்கையிலேயே உட்கார்ந்துக்குது. கம்பெனியில சங்கு ஊதும், ஓடுவோம். இங்கே யார் ஊதுவாங்க? மாமா அதிகாலையில மார்க்கெட்டுக்குப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் நானும் சுவரும். காலை நீட்டி எண்ணும்போது ஏழு, எட்டுக்கு மேல எண்ணிக்கை மறந்து போகும். மறுபடி ஒண்ணுலேருந்து. அழுதுக்கிட்டே எண்ணியிருக்கேன்.

நேத்து உன் கடிதம் வந்தது. என்னைத் திட்டியிருப்பியோன்னு பயந்து பிரிச்சேன். நீ திட்டல. எழுத்து கோணிக்கோணிப் போயிருந்தது. போர்டு போட்ட மாதிரி எழுதுற உன் கையெழுத்தா அது? கழுத்துல டயாலிசிஸுக்குப் போட்ட குழாயில கிருமி சேர்ந்து காய்ச்சல், வார்டுல படுக்க வச்சிருக்காங்கன்னு ரெண்டே வரி. அடியில மட்டும் ஒரு பொம்மை, படுத்துக்கிட்டே காலைத் தூக்கற பொம்மை. பக்கத்துல, அக்கா, நானும் செய்யறேன்னு எழுதியிருந்தே.

துணியை எடுத்துட்டேன்டா. இன்னைக்குக் காலையிலேருந்து மறுபடி ஆரம்பிச்சாச்சு. முள் நகர்ந்தாலும் சரி, நகராட்டாலும் சரி.

காய்ச்சல் எவ்வளவுன்னு அந்த டிரைவர் நண்பரையாவது எழுதச் சொல்லு. மறைக்கச் சொல்லாதே. நீ எனக்குப் பிறகு பொறந்தவன், எனக்கு முன்னாடி எதுலயும் போகக் கூடாது. அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.

அக்கா


சனிக்கிழமை, காலை

என் தம்பிக்கு,

இதை நிதானமாப் படி. கூட யாராவது இருந்தா நல்லது.

புதன்கிழமை முட்டைகோஸ் அலசிக்கிட்டிருந்தேன். கல்யாண மோதிரம் தண்ணிக்குள்ளே விழுந்துடுச்சு. அந்த மோதிரம் எட்டு வருஷமா சோப்புப் போட்டாலும் கழண்டதில்லை, கால் உடைஞ்சப்ப ஆஸ்பத்திரியில கழட்ட முடியாம பிளாஸ்திரி சுத்தினாங்க. இப்போ தானா நழுவி விழுது. எடுத்து விரல்ல மாட்டினேன், கையை உதறினேன், மறுபடி விழுந்தது. எடை அப்படியே இருக்குன்னா விரல் மட்டும் எப்படி இளைக்கும்னு ஈரக்கையோட நின்னுக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் முன் ரூமுக்குப் போனேன். மாமா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தராசைச் சோதிக்க அவர் வச்சிருக்கிற இருபது கிலோ கல் ரெண்டு மேஜைக்கு அடியில இருக்கும், சர்க்கார் முத்திரை குத்தினது, ஒரு கிராம் பிசகாது. கால் உடைஞ்ச புதுசுல அதை என்னால நகர்த்தக்கூட முடிஞ்சிருக்காது. இப்போ பிடியைப் பிடிச்சுத் தூக்கிட்டேன் தம்பி. உன் பயிற்சி. ஒண்ணை வச்சேன், இன்னொண்ணையும் வச்சேன். நாற்பதுல நிக்க வேண்டிய முள், நாற்பத்திரண்டரையில நின்னது.

கல்லை எடுத்துட்டு, மறுபடி வச்சேன். நாற்பத்திரண்டரை. காலியா இருக்கும்போது பூஜ்யத்துல சரியா நிக்குது, ஏத்த ஏத்தக் கூடக் காட்டுது. தானா அப்படிக் கெடாது. தராசுக்காரர் பெண்டாட்டிக்கு அது தெரியும். உள்ளே ஒரு ஸ்க்ரூ இருக்கு, அதைத் தெரிஞ்ச கைதான் திருப்பணும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபத்தெட்டுன்னு காட்டினா, நான் எழுபத்து மூணரைக்கும் கீழே. வாராவாரம் நான் இளைக்க இளைக்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவர் அந்த அளவுக்குத் திருப்பியிருக்கார். அப்போ இருபதாம் தேதிக்கு முன்னாடியே நான் எழுபத்தஞ்சுக்குக் கீழே வந்திருப்பேன். அந்த இடம் உன்னோடதா இருந்திருக்கும். அந்தக் காய்ச்சல் வந்திருக்காது.

அன்னைக்குச் சாயங்காலம் அவர் வந்ததும் கத்தணும்னுதான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளரிக்காய் வாங்கிக்கிட்டு வந்தார், எனக்குப் பிடிக்குமேன்னு. மூணு மாடி ஏறின மூச்சோட நின்னு, கால் வலிக்குதான்னு கேட்டார். நான் பையை வாங்கி உள்ளே வச்சேன். ஊர்ல ஒருத்தன் ஒரு கிராம் கேட்டாலும் தராத மனுஷன், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பொய்த் தராசு பிடிச்சிருக்கார். அதுவும் என்னை இழக்கக் கூடாதுன்னு. அதுக்காக அவரை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. நீ அங்கே காய்ச்சல்ல கிடக்கிறே, எப்படி மன்னிப்பேன்?

ஆனா தம்பி, இன்னொண்ணும் இருக்கு. இதைச் சொல்லாம உனக்கு நான் கிட்னி கொடுத்தா அது செரிக்காது. இந்த வீட்டுல முத்திரை குத்தின கல் ஒரு டஜன் கிடக்கு. தினமும் ரெண்டைக் கையில பிடிச்சுத் தூக்கி இறக்கறேன். எடை ஏன் குறையலைன்னு ஊரெல்லாம் புலம்பினவ, அந்தக் கல்லை ஒரு நாளாவது தராசுல வச்சுப் பார்க்கலாமே. ஏன் பார்க்கல? திங்கட்கிழமை முள் எழுபத்தெட்டுல நின்னதும், ஐயோன்னு வாயால சொல்வேன். உள்ளே ஒரு மூச்சு இறங்கும். அப்பாடா, இந்த வாரம் இல்லைன்னு. கத்தி, மயக்க மருந்து, துணி மூடித் திரும்பி வர்றது, எல்லாம் எனக்கும் பயம்தான். நான் பயப்படலைன்னு உன்கிட்ட சொன்னது பொய். வழக்கமா உன் வலியைத்தான் நீ என்கிட்ட மறைப்பே, இந்த ஒரு விஷயத்துல நான் உன்னை முந்திட்டேன். மன்னிச்சுடு. மன்னிக்க முடியாட்டா திட்டியாவது எழுது, எழுத உனக்குத் தெம்பு வரட்டும்.

டிரைவர் நண்பர் எழுதினார். காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறினதையும், நீ ஒன்பது கிலோ குறைஞ்சதையும் எழுதினார். ரெண்டு பேருமே இளைச்சுட்டோம் பார், எனக்குப் பாராட்டு, உனக்கு ஊசி. கிருமி முழுசாப் போனாத்தான் ஆபரேஷனைப் பத்திப் பேசுவோம்னு டாக்டர் சொன்னாராம். ஆறு வாரமா, எட்டு வாரமான்னு சொல்லலையாம். முதல்ல கிருமி போகணும்னுதான் சொன்னாராம்.

அதனால நான் இப்படியே இருக்கப் போறேன். ஆறு வாரமோ, எட்டு வாரமோ, எழுபத்து மூணுல. அவிச்ச முட்டைகோஸைத் தின்னுக்கிட்டு, முப்பது தடவை எழுந்து உட்கார்ந்துக்கிட்டு. இன்னைக்குப் பொட்டலம் வரும், டயர் கடைக்குப் போயிடும். நேத்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஆறு படி இறங்கி ஆறு படி ஏறினேன். டாக்டருக்குத் தெரிஞ்சா திட்டுவார். இன்னும் நாற்பது படி இருக்கு கீழே போக. நீ கூப்பிடற அன்னைக்கு என்னை யாரும் நாற்காலியில தூக்க வேண்டாம்.

என் கடிதங்களை எப்பவும் மாமாதான் தபால் பெட்டியில போடறார். ஒட்டிக் கொடுப்பேன், வாங்கிப் பையில வச்சுக்கிட்டுப் போவார், ஒரு நாளும் பிரிச்சதில்லை. இதை நான் ஒட்டல. அவருடைய மேஜையில, அந்த ரெண்டு இருபது கிலோ கல்லுக்கு நடுவுல திறந்தே வைக்கப் போறேன். நேர்ல சொல்ல எனக்கு நாக்கு எழல. படிச்சா படிக்கட்டும். கிழிச்சுப் போட்டா, வேற ஒண்ணு எழுதி டயர் கடைக்காரர் கையில கொடுத்து அனுப்புவேன்.

உனக்கு நான் சொல்றது ஒண்ணுதான். தண்ணியை அளந்து குடி. கொடுக்கிறதைத் தின்னு, பிடிக்காட்டாலும் தின்னு. படுத்துக்கிட்டே அந்தக் காலைத் தூக்கு, முடியாத அன்னைக்குக் கட்டைவிரலையாவது ஆட்டு. நான் வர்ற வரைக்கும் இரு. வேற எதுவும் நீ செய்ய வேண்டாம். இருந்தாப் போதும்டா தம்பி.

அக்கா

*

தம்பி,

இது மாமா. படிச்சேன்.

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிட்டேன். கல் வச்சு மூணு தடவை பார்த்தேன், சரியா இருக்கு. உன் அக்காவை இன்னைக்கு எடை போட்டேன். எழுபத்து மூணு கிலோ நானூறு கிராம். நர்ஸம்மாவுக்கு நானே போன் பண்ணி, இத்தனை வாரம் சொன்ன எடை தப்பு, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்.

அவங்க கூப்பிடற அன்னைக்கு நானும் வரேன். வாசல்ல நிக்க மாட்டேன், உள்ளே வருவேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீ பிழைச்சு எழுந்திரு. உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ. அவளை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துடு.